ஹம்பக்கரின் குரலைக் கிலோ ஓமால் அளக்க முடியுமா?

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் உறுப்பு பிக்கப்; அதில் இரட்டைச் சுருள் வகையான ஹம்பக்கரைப் புதிதாக வாங்க நினைப்பவர் முதலில் தேடுவது அதன் மின்தடையைத்தான். 8 கிலோ ஓம் என்றால் பழங்காலத்து இனிமை, 14 கிலோ ஓம் என்றால் கனமான ராக் என்று ஒரு வாய்பாடே கிட்டார் வாசிப்பவர்களிடையே புழங்குகிறது. நானும் மல்டிமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் அதை நம்பியவன்தான். அந்த எண் முழுப் பொய்யல்ல. ஆனால் குரலைத் தீர்மானிக்கும் பொருள் வேறொன்று.

பிக்கப் என்பது அடிப்படையில் காந்தமும் அதைச் சூழ்ந்த செப்புக் கம்பிச் சுருளும்தான். எஃகுத் தந்தி அதிரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப் பாயம் ஏறி இறங்க, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. சிக்கல் என்னவென்றால், சுருளுக்குத் தந்தி எது, பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எது என்ற வேறுபாடு தெரியாது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் (அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ்) அதனுள் புகுந்து ரீங்காரமாக வெளிவருகின்றன. ஒற்றைச் சுருள் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஆம்ப்ளிஃபையரின் முன் மெல்லத் திரும்பிப் பார்த்தால், ஒரு கோணத்தில் அந்த இரைச்சல் அடங்குவதும் மறுகோணத்தில் பெருகுவதும் தெளிவாகக் கேட்கும்.

அமெரிக்காவின் கலமசூ நகரில் இயங்கிய கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர், 1955-இல் இதற்கொரு தீர்வுக்குக் காப்புரிமை கோரினார்; அது 1959-இல் வழங்கப்பட்டது. அருகருகே இரண்டு சுருள்களை வைத்து, ஒன்றின் வழியே காந்தத்தின் வடமுனையும் மற்றதன் வழியே தென்முனையும் தந்தியை நோக்குமாறு அமைத்து, சுருள்களை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைத்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகத் தோன்றி அழிந்துவிடும். தந்தியின் ஒலியோ, காந்தமுனையும் திசையும் சேர்ந்தே தலைகீழாவதால், ஒன்றோடொன்று கூடும். இதுவே ஹம்பக்கர். காப்புரிமை கிடைப்பதற்கு முன்பே விற்பனைக்கு வந்த இந்தப் பிக்கப்களின் அடியில், 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' (Patent Applied For) என்று ஒட்டப்பட்ட சிறு சீட்டால் அவற்றுக்கு 'பி.ஏ.எஃப்.' என்ற பெயர் நிலைத்தது. சுற்றும் இயந்திரங்கள் குறித்த எண்ணிக்கையில் தாமாக நிற்காததாலும், கையில் கிடைத்த ஆல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தமே பொருத்தப்பட்டதாலும், அவற்றில் 7 கிலோ ஓமும் உண்டு, 9 கிலோ ஓமும் உண்டு. இன்று பெருவிலை கொடுத்து நகலெடுக்கப்படும் 'அந்தக் குரல்' உண்மையில் ஒரே குரலல்ல.

இனி மின்தடைக்கு வருவோம். தலைமுடியை ஒத்த 42-ஆம் கேஜ் கம்பியில் சுற்றிய சுருளை, சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றாமல் 43-ஆம் கேஜில் சுற்றினால், கம்பி மெலிந்த ஒரே காரணத்தால் மின்தடை ஏறத்தாழ கால் பங்கு உயரும். தந்தியிலிருந்து பிறக்கும் மின்னழுத்தமோ பெரிதாக மாறாது. செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.4 விழுக்காடு கூடுவதால், 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப், 35 டிகிரி வெயில் நாளில் 8.5-ஐ நெருங்கும். அதனால் அது கனமான ராக்கை நோக்கி நகர்ந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை.

குரலைத் தீர்மானிப்பது ஒத்ததிர்வு. சுருளின் மின்தூண்டல் எண்ணும் (அலகு ஹென்றி), சுருளிலும் கேபிளிலும் உள்ள மின்தேக்குத்திறனும் (அலகு ஃபாரட்) சேர்ந்து, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலியைத் தூக்கிக் காட்டி, அதற்கு மேலுள்ளவற்றை விரைவாக வெட்டிவிடுகின்றன. அந்தத் தூக்கல்தான் முகடு. கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோ ஃபாரட், பிக்கப்பின் பங்கு இன்னொரு 100 என்று கொள்வோம். 3 மீட்டர் கேபிளில் 2.4 ஹென்றி கொண்ட ஒற்றைச் சுருளின் முகடு 5100 ஹெர்ட்ஸை ஒட்டி அமையும், 4.5 ஹென்றி கொண்ட பி.ஏ.எஃப். வகை ஹம்பக்கருக்கு 3750. மிகுதியாகச் சுற்றப்பட்ட 8 ஹென்றிப் பிக்கப்புக்கு 2800. ஹம்பக்கரின் ஒலியைத் 'தடிப்பு' என்றும் 'சூடு' என்றும் நாம் சொல்வதற்கு, முகடு இப்படிக் கீழிறங்கி, காதுக்கு மிகக் கூர்மையாகப் படும் பகுதியில் வந்து நிற்பதே பெரும் காரணம்.

அதே பி.ஏ.எஃப். வகைப் பிக்கப்பை 6 மீட்டர் கேபிளில் இணைத்துப் பாருங்கள். முகடு 3750-இலிருந்து ஏறக்குறைய 2800-க்கு இறங்கிவிடும். அதாவது, கேபிளை மாற்றியதாலேயே, ஒலியளவில் இல்லாவிட்டாலும் முகட்டின் இடத்தில், அது அந்த 8 ஹென்றிப் பிக்கப்பின் பக்கத்தில் போய் அமர்ந்துவிட்டது. பிக்கப்களை ஒப்பிடும் பலர் கேபிளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இரண்டு சுருள்கள் தந்தியை இரண்டு இடங்களில் கேட்பதால் உயர் மேற்சுரங்கள் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள்) அழிகின்றன என்ற விளக்கமும் உண்டு. அது உண்மைதான், ஆனால் அளவோடு. சுருள்களின் மையங்களுக்கிடையே சுமார் 19 மில்லிமீட்டர் என்றால், 628 மில்லிமீட்டர் தந்தியில் 33-ஆவது மேற்சுரம் அழியும். தடித்த ஈ (E) தந்திக்கு அது 2700 ஹெர்ட்ஸ், கேட்கத்தக்க இழப்பு. மெல்லிய ஈ தந்திக்கோ கிட்டத்தட்ட 10,900 ஹெர்ட்ஸ். அங்கே அழிப்பதற்கு ஒத்ததிர்வு எதையும் மிச்சம் வைத்திருக்காது.

உலோக மூடியும் குரலை மாற்றும்: அதில் எழும் சுழல் மின்னோட்டம் முகட்டை மழுக்குகிறது, பித்தளையில் இது மிகுதி, நிக்கல் சில்வரில் குறைவு. 250 கிலோ ஓம் வால்யூம் பாட் (ஒலியளவைத் திருகும் மாறுமின்தடை) முகட்டின் உயரத்தைக் குறைக்கும். 500 கிலோ ஓம் அதை விட்டுவைக்கும். காந்தத்தின் வகை பெரும்பாலும் வெளிப்பாட்டின் வலிமையை மாற்றுகிறது. டிமார்சியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டார்ஷன் பிக்கப் 1970களில் செராமிக் காந்தத்தோடு வந்து வால்வு ஆம்ப்ளிஃபையர்களை எளிதில் உடைந்தொலிக்கச் செய்தது இவ்வாறே.

ஆகவே இரண்டு ஹம்பக்கர்களை ஒப்பிட விரும்புபவர் ஒரே கிட்டாரில், ஒரே இடத்தில், ஒரே கேபிளில், புதிய தந்திகளோடு ஒப்பிட வேண்டும். முக்கியமாக, ஒலியளவைச் சமமாக்கிய பிறகே கேட்க வேண்டும். சத்தம் சற்றுக் கூடியதைக் காது 'நல்ல டோன்' என்று எடுத்துக்கொள்ளும். பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்யும் திருகை அரைச் சுற்றுத் திருப்பினாலே இந்த ஏமாற்றம் நிகழ்ந்துவிடும்.

நான்கு கம்பிகள் வெளிவரும் ஹம்பக்கர் கைவசம் இருந்தால், சுருள்களைத் தொடரிணைப்பிலிருந்து பக்க இணைப்புக்கு மாற்றிக் கேட்கலாம். மின்தூண்டல் கால் பங்காகக் குறைவதால், முகடு 7000 ஹெர்ட்ஸை ஒட்டி ஏறுகிறது. ஒலி சற்று மெலிந்து, கண்ணாடிபோல் தெளிகிறது. இரைச்சல் அப்போதும் வருவதில்லை. அந்த நேரத்தில் மல்டிமீட்டர் காட்டுவது 2 கிலோ ஓம்.