தாய்மாமனுக்குக் காது கேட்கிறதா?

சர்க்கரை டாக்டருக்குக் காதைப் பற்றி என்ன கவலை என்று போன வாரம் ஒரு கணவர் என்னைப் பார்த்து முகம் சுளித்தார். அவர் மனைவிக்கு 33 வயது, எடை 44 கிலோ, நாலு வருடமாகச் சர்க்கரை. ஃபைலைப் புரட்டினால் ஓரிடத்தில் டைப் 1, இன்னோரிடத்தில் டைப் 2. மூன்றாவது இடத்தில் "எடையைக் குறைக்கவும்" என்று அச்சடித்த தாளை அப்படியே கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். 44 கிலோவில் எதைக் குறைப்பது?

அந்தப் பெண்ணின் அம்மாவும் கூட வந்திருந்தார். "உங்களுக்கு எப்போதிருந்து சர்க்கரை?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் மகளின் வாயைப் பார்த்தார். மகள் திருப்பிச் சொன்ன பிறகுதான் பதில் வந்தது. "வயசாயிடுச்சுல்ல சார்" என்றார் மருமகன். அந்த அம்மாவுக்கு 56 வயதுதான். அந்த நேரம் பார்த்து மகளுக்கு ஒரு போன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். கேட்டால், எப்போதுமே அப்படித்தானாம்.

இரண்டு வருடத்தில் எனக்கு இது நாலாவது குடும்பம். நாலிலும் சர்க்கரையும் காதும் ஒரே வீட்டில் பல வருடமாக இருந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

நம் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு. 16,569 எழுத்து, 37 மரபணு, அவ்வளவுதான். அதில் 3243-ஆம் இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறினால் இன்சுலின் சுரப்பும் உள்காதும் சேர்ந்து பாதிக்கப்படலாம். இது 1992-லேயே மருத்துவ இதழ்களில் வந்த செய்தி. சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் இது இருக்கும். நம் ஊரில் சர்க்கரை நோயாளிகளின் எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள், அந்த ஒன்று சின்னக் கணக்கில்லை.

மைட்டோகாண்ட்ரியா நமக்கு அம்மாவிடமிருந்துதான் வருகிறது, அதனால் இந்த மாற்றமும் அம்மா வழியாகத்தான் வரும். "அம்மா வழியாக வருவது" என்று சொன்ன உடனே எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. அம்மா வழி என்றால் பெண் பிள்ளைக்கு மட்டும் என்று அர்த்தம் இல்லை! ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது பெண் மட்டும்தான். நம் உறவுமுறையிலேயே சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்கு இருந்தால் உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம். பெரியம்மா, சித்தி, அவர்கள் பிள்ளைகளுக்கும் இருக்கலாம். தாய்மாமனுக்கு இருக்கலாம், ஆனால் மாமன் மகனுக்கோ மகளுக்கோ அவரிடமிருந்து வராது. அத்தைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் அப்பாவுக்கு இந்த மாற்றம் இருந்தால் மட்டும் கதை மாறும்: அப்போது நீங்கள் தப்பித்தீர்கள், அத்தை பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும். காதில் மெஷின் வைத்திருக்கிறார் என்று ஒரு பையனின் சம்பந்தத்தை முறித்துவிட்டு, "பிள்ளைகளுக்கும் வந்துடும்ல சார்" என்று என்னிடமே வந்து நியாயம் கேட்டவர்கள் உண்டு. அவர் பிள்ளைகளுக்கு இது அவரிடமிருந்து வராது. எழுதியே கொடுத்தேன், நம்பவில்லை.

"அப்போ என்னாலதானா?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எழுத்து மாறிய மைட்டோகாண்ட்ரியாவும் மாறாததும் உடம்பில் கலந்தே இருக்கும், எது எவ்வளவு பிள்ளைக்குப் போகும் என்பது யார் கையிலும் இல்லை. கல் கலந்த அரிசியை ஆளுக்கு ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால் ஒருவர் கையில் பத்துக் கல் இருக்கும், இன்னொருவர் கையில் ஒன்றுதான் இருக்கும். அள்ளிய கை மேல் என்ன தப்பு? ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவருக்கு முப்பதில் இன்சுலின் தேவைப்படுவதும், இன்னொருவர் அறுபது வரை சும்மா இருப்பதும் இதனால்தான்.

கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு: மருந்து மாறும். எல்லோருக்கும் முதலில் எழுதும் மெட்ஃபார்மினை இவர்களுக்குக் கூடியவரை தவிர்ப்போம், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் பயம் இருப்பதால். (படித்துவிட்டு இன்று ராத்திரியே மாத்திரையை நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. மற்றவர்களுக்கு அது நல்ல மருந்து. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.) காதுக்கு ஆடியோகிராம், இதயத்துக்கு ஈ.சி.ஜி.யும் எக்கோவும், சிறுநீரில் புரதம், விழித்திரை எல்லாம் பார்க்க வேண்டும். வலிப்பு இருந்தால் வால்புரோயேட் எழுதும் முன் டாக்டர் யோசிக்க வேண்டும், அதனால் அவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த வீட்டுப் பெண்கள் கர்ப்பமானால் முதல் செக்கப்பிலேயே சர்க்கரையைப் பாருங்கள், ஆறாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

அதே மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் வேறொரு மாற்றம், 1555-ஆம் இடத்தில். அது இருப்பவர்களுக்கு ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டால் காதே போய்விடலாம். "காய்ச்சலுக்கு ஊசி போட்டாங்க, அப்புறம் காது கேக்கலை" என்று அம்மா வழியில் யாராவது சொல்லியிருந்தால், அடுத்த முறை ஊசி போடும் முன் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

டெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. 3243 மாற்றம் வயது ஏற ஏற ரத்தத்தில் குறைந்துகொண்டே போகும். ரத்தத்தில் இல்லை என்று வந்தாலும் சிறுநீரில் இருக்கலாம், அதனால் நான் சிறுநீரைத்தான் அனுப்புகிறேன். லேப் பையன் "இதுல சுகர் மட்டும் பாத்தா போதுமா சார்?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். "மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தெம்பு" என்று ஆன்லைனில் விற்கும் டப்பாக்களைக் கொண்டுவந்து என் மேஜையில் வைக்காதீர்கள். எழுத்து மாறியதை எந்தப் பொடியும் திருத்தாது.

அந்தப் பெண்ணுக்கு ஆடியோகிராமில் கீச்சு ஒலிகள் இரண்டு காதிலும் விழவில்லை. சிறுநீர் ரிப்போர்ட்டில் 3243 இருந்தது. அவருடைய தாய்மாமனை வரும் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். போனில் சொன்னால் அவருக்குக் கேட்காது என்று தங்கையே பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.