லெவல் ஷிஃப்டர்: மட்டப்பெயர்ப்பி

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பது தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே லெவல் என்றால் மட்டம் என்பதற்கு இங்கு அகராதி தேவையில்லை. இலத்தீனில் துலாக்கோலைக் குறித்த லிப்ராவின் குறுமை வடிவமான லிபெல்லா, மட்டம் பார்க்கும் கருவிக்கும் பெயராகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் லெவல் ஆயிற்று. நம் கொத்தனாரும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துத்தான் சுவர் எழுப்புகிறார்.

மின்னணுவியலில் இச்சொல் 1, 0 என்னும் இரு நிலைகளுக்கும் உரிய மின்னழுத்த மட்டத்தைக் குறிக்கிறது. ஒரு மட்டத்தில் இயங்கும் சுற்றின் குறிகையை (சிக்னலை) வேறு மட்டத்தில் இயங்கும் சுற்றுக்கு ஏற்ற மட்டத்துக்குக் கொண்டுவரும் கருவியே லெவல் ஷிஃப்டர். டிடிஎல் எனப்படும் பழைய வகை ஏரணச் சுற்றுகள் 5 வோல்ட்டில் இயங்குபவை. எஃப்பிஜிஏ எனப்படும் நிரலாக்கத்தக்க ஏரணச் சில்லுகளின் கால்களோ (பின்களோ) இன்று பெரும்பாலும் 3.3 வோல்ட்டுக்கோ அதற்கும் கீழோ அமைந்தவை. காலில் ஏறும் அழுத்தம் சில்லின் மின்வழங்கலைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தாண்டினால், உள்ளிருக்கும் காப்பு டையோடு திறந்து மின்னோட்டத்தை வழங்கல் தடத்துக்குத் திருப்பிவிடும்; அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்த வெளியே எதுவும் இல்லையென்றால் கால் கருகும். கும்பகோணத்தருகே வாய்க்கால் மதகில் நீர்மட்டம் அளக்க, 5 வோல்ட் மீயொலி உணரியின் எதிரொலிக் கம்பியை நேரே எஃப்பிஜிஏ பலகையில் செருகி நான் ஒரு காலை இழந்திருக்கிறேன் (சில்லின் காலைத்தான்). பின்னர் கம்பியில் தொடராக 1 கிலோ ஓம் மின்தடையும், காலிலிருந்து தரைக்கு 2 கிலோ ஓம் மின்தடையும் வைத்தேன். 5 வோல்ட் 3.33 ஆகத் தணிந்தது. மெதுவான குறிகைக்கு இது போதும். வேகமானவற்றுக்கு, 3.3 வோல்ட்டில் இயங்கியபடியே 5 வோல்ட் உள்ளீட்டைத் தாங்கும் 74எல்விசி245 போன்ற இடையகச் சில்லு வேண்டும்.

எதிர்த்திசையில் ஆபத்து குறைவு, குழப்பம் அதிகம். 5 வோல்ட்டில் இயங்கும் 74ஹெச்சி வகைச் சில்லு 1 என ஏற்க ஏறக்குறைய 3.5 வோல்ட் கேட்பதால், 3.3 வோல்ட் குறிகை ஒருநாள் வேலை செய்து மறுநாள் ஏமாற்றும். 2 வோல்ட்டையே 1 என ஏற்கும் 74ஹெச்சிடி வகையை இடையில் வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

இனி, தமிழ்ச் சொல். நிலைமாற்றி என்று சொல்லலாமே என்பார்கள். ஆனால் இக்கருவி செய்யக்கூடாத ஒன்றே நிலையை மாற்றுவதுதான்: 1 என்பது 1 ஆகவே மறுகரை சேரவேண்டும், மட்டம் மட்டுமே மாறவேண்டும். மட்டமாற்றி என்பதில் பிழையில்லை. எனினும் டிரான்ஸ்ஃபார்மரை மின்மாற்றி என்று வழங்கிவருவதால், இதையும் அதன் தம்பியாக எண்ணிவிடக்கூடும். தரவுத்தாள்கள் இதே கருவியை டிரான்ஸ்லேட்டர் என்றும் அழைக்கின்றன. இடம்பெயர்தல், மொழிபெயர்த்தல் இரண்டிலும் நிற்கும் பெயர் என்னும் வினை, ஷிஃப்டர், டிரான்ஸ்லேட்டர் ஆகிய இரு பெயர்களின் பொருளையும் ஒருசேரத் தாங்குகிறது. மொழிபெயர்த்தல் தொல்காப்பிய மரபியலிலேயே வரும் பழஞ்சொல். ஆகவே மட்டப்பெயர்ப்பி என்பதையே நான் எழுதுகிறேன்; இருபுறமும் குறிகை போய்வரும் வகைக்கு இருதிசை மட்டப்பெயர்ப்பி. மோட்டார் பலகையின் 24 வோல்ட் கம்பிகளுக்கு, இடையில் மின்தொடர்பே இன்றி ஒளியால் குறிகை கடத்தும் ஒளிப்பிணைப்பியைப் பயன்படுத்துவது வழக்கம். அதை இப்பெயரால் அழைக்கவேண்டாம்.