போர்டு ஓடுதா, இழுக்குதா?

வடசென்னையில் கேரம் போர்டு இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, கொருக்குப்பேட்டை என்று எங்கே போனாலும் ஒரு மன்றம், ஒரு ஸ்டாண்டு, தாழத் தொங்கும் ஒரு பல்பு, சுற்றிப் பத்துப் பேர். அதில் ஆடுவது இரண்டு பேர், மீதி எட்டுப் பேரும் கோச். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, இருமுறை உலக சாம்பியனாகி 1996-ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர், உலக சாம்பியன் இளவழகி வியாசர்பாடிக்காரர், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வடசென்னையில் ஆட்டோ ஓட்டுபவரின் மகள். இவ்வளவு ஆட்டம் ஓடும் ஊரில் எல்லாரும் ஆங்கிளைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். நம் மன்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடும் கட் (காயினின் ஓரத்தில் அடித்துப் பக்கவாட்டில் அனுப்பும் ஷாட்) பக்கத்துத் தெரு போர்டில் ஏன் விழவில்லை என்று கேட்டால் மட்டும் “போர்டு இழுக்குதுப்பா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ‘இழுக்குது’ என்றால் என்ன என்பதுதான் விஷயமே.

முதலில் அடிப்படை. காயின் உருளுவதில்லை, வழுக்குகிறது. வழுக்கும் பொருளை நிறுத்துவது உராய்வு. சம தரையில் உராய்வு வேகத்தைக் குறைக்கும் விதம் பொருளின் எடையைப் பொறுத்ததல்ல, அதனால் 15 கிராம் ஸ்ட்ரைக்கரும் 5.5 கிராம் காயினும் ஒரே வேகத்தில் கிளம்பினால், அடிப்பக்கம் ஒரே மாதிரி வழவழப்பாக இருக்கும் பட்சத்தில், ஒரே தூரத்தில்தான் நிற்கும். ஆனால் வேகத்துக்கும் தூரத்துக்கும் உள்ள உறவு நேர்க்கணக்கு இல்லை. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தூரம் நான்கு மடங்காகும். உராய்வு இரண்டு மடங்கானால் தூரம் பாதியாகும். விரல் ஒரு போர்டுக்குப் பழகி, அந்த வேகத்துக்கு எவ்வளவு தூரம் என்று மனசில் எழுதி வைத்துக்கொள்கிறது, போர்டு மாறினால் அந்தக் கணக்கு மொத்தமும் பொய். பன்னாட்டு விதியிலேயே இதற்கு ஒரு சோதனை இருக்கிறது: 15 கிராம் ஸ்ட்ரைக்கரை பலமுள்ள ஆட்டக்காரர் ஒருவர் பேஸ் லைனிலிருந்து, அதாவது ஸ்ட்ரைக்கரை வைத்து அடிக்கும் இரட்டைக் கோட்டிலிருந்து, ஓங்கிச் சுண்டினால் அது எதிரும் புதிருமாகக் குறைந்தது மூன்றரை தடவையாவது ஓட வேண்டும். தெருவில் இருக்கும் பாதி போர்டு இரண்டு தடவையிலேயே மூச்சு வாங்கும்.

இங்கே பவுடர் வருகிறது. நம் ஊரில் காலங்காலமாகத் தூவி வருவது போரிக் அமிலத் தூள். அதன் படிகம் சீட்டுக்கட்டு மாதிரி. ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும், ஆனால் ஒரு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே பிடிப்பு ரொம்பக் குறைவு. காயின் மேலே நகரும்போது அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து வழிவிடும், மரத்தில் காயின் நேராகத் தேய்வதில்லை. அதனால்தான் ஒரு சிட்டிகை போதும் என்கிறார்கள். கைநிறையக் கொட்டினால் நன்றாக ஓடும் என்று நினைப்பவர்கள் எல்லா மன்றத்திலும் உண்டு. குவிந்த பவுடர் ஓட விடாது, காயின் அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அதில் அதன் ஆற்றல் போய்விடும். அது மட்டுமா, தள்ளிய பவுடர் ஃப்ரேம் ஓரத்திலும் பாக்கெட் வாயிலும் போய்க் குவியும். கடைசி இரண்டு அங்குலத்தில் காயின் நின்றுவிட்டது என்று தலையில் கை வைக்கும் பாதி பேருக்குக் காரணம் அவர்களே கொட்டிய பவுடர்தான்.

அப்புறம் கடல். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் சாயங்காலக் காற்று எவ்வளவு ஈரமானது என்று துவைத்துக் காயப்போடும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மரம் ஈரத்தை இழுத்து உப்பும், பாலிஷ் தேய்ந்த இடத்தில் நார் எழும்பும், பவுடர் கட்டி தட்டும். இதற்குப் பதில்தான் அந்தப் பல்பு. வெளிச்சத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பழைய குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளிவரும், அது நேராகப் பலகைமேல் விழும். பலகை சூடானால் அதை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் குறையும், மேற்பரப்பு காயும். எல்லா மன்றத்திலும் எல்இடி வந்த பிறகு மழைக்காலத்தில் போர்டு இழுக்கிறது என்று பெரியவர்கள் புலம்புவதை நான் வெறும் பழசு பேசுவதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், அதில் பாதியாவது இயற்பியல். பல்புக்கு நேர் கீழே நடுவட்டம் காய்ந்து ஓடும், நான்கு மூலையும் குளிர்ந்து இழுக்கும். அதாவது ஒரே போர்டில் ஒரே உராய்வு என்பதே கிடையாது. இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தெரு பவுலிங் இல்லை, மால்களில் பந்தை உருட்டி பத்து பின்னை வீழ்த்துவார்களே, அந்த பவுலிங்கிலும் இதே பிரச்சினைதான், ஆனால் அங்கே விடை தலைகீழ். 60 அடி நீள லேனில் முதல் 40 அடி வாக்கில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் பூசியிருக்கும், சாதாரண மால் லேனில் நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. பந்தைச் சுழற்றி விட்டால் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு நேராகப் போய், எண்ணெய் தீர்ந்த இடத்தில் தரையைப் பிடித்து வளையும். ஆட ஆட பந்து எண்ணெயை வழித்துக்கொண்டு போகும், அந்தத் தடத்தில் பந்து சீக்கிரமே வளைய ஆரம்பிக்கும், வலக்கை ஆட்டக்காரர் இடதுபக்கமாக நகர்ந்து நின்று புதுத் தடம் தேடுவார். கேரமில் எவ்வளவு சுழற்றினாலும் தட்டை வட்டு அப்படி வளையாது. சமதளத்தில் சுழலும் வட்டின் ஒரு பக்க உராய்வை மறுபக்க உராய்வு சரிக்கட்டிவிடும், பக்கவாட்டு விசை மிச்சமாகாது. ஒன்று மட்டும் நடக்கும்: சுழன்றுகொண்டே போகும் காயினுக்கு நேர்த் தடை கொஞ்சம் குறையும், அதனால் சுழலாத காயினைவிடச் சற்று அதிக தூரம் போகும், சறுக்கலும் சுழலும் ஒரே நொடியில் நிற்கும். அடுத்த முறை ஃப்ரேமில் உரசிச் சுழலும் காயினை உற்றுப் பாருங்கள், நின்ற பிறகு தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கவே இருக்காது.

வட்டு வளையாது என்றால் காயின் கடைசியில் சாய்கிறதே, அது? அது மட்டம். ஸ்டாண்டின் ஒரு கால் தெருவின் பள்ளத்தில் நிற்கிறது, யாரோ கீழே அட்டை செருகியிருக்கிறார்கள். சரிவு இழுக்கும் விசை மாறாமல் இருக்கும், வேகமாகப் போகும் காயினுக்கு அது வேலை செய்ய நேரம் இல்லை. மெதுவாகப் போகும் காயின் கடைசி ஒரு சாணில் அதன் பிடியில் மாட்டும். அதனால்தான் வேகமாக அடித்தால் நேராகப் போகும் அதே லைன், தட்டிவிட்டால் பக்கத்தில் போய் நிற்கிறது. புதுப் போர்டில் உட்கார்ந்ததும் ஒரு காயினை மெல்ல, நிற்கும் அளவுக்கே, நான்கு திசையிலும் தள்ளிப் பாருங்கள். சோதனை ஆட்டத்தில் ஓங்கி பிரேக் அடித்துப் பார்ப்பவர்கள் போர்டைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்வதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு அண்ணன், ஆட்டத்துக்கு முன்னால் தலையைப் பலகை உயரத்துக்குக் குனிந்து பல்பின் பிம்பம் பலகையில் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். பளபளவென்று கோடு கோடாகத் தெரியும் இடம் ஓடித் தேய்ந்த தடம், மங்கலாக இருப்பது ஆடப்படாத இடம். “இன்னாண்ணே, ஜோசியமா?” என்று கிண்டல் செய்தவனிடம் எந்த மூலை இழுக்கும் என்று முன்கூட்டியே காட்டினார், அடுத்து அந்த மூலைக்குப் போன காயின் அப்படியே நின்றது. பையன் அதோடு வாயை மூடிக்கொண்டான்.

சரி, லைனுக்கு வருவோம். பேஸ் லைன் 47 செ.மீ. நீளம், இரண்டு கோட்டையும் தொட்டு ஸ்ட்ரைக்கரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், நாற்காலியை நகர்த்த முடியாது. அதனால் லைன் தேடுவது என்றால் இந்த 47 செ.மீ.க்குள் இடம் தேடுவது. எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். பாக்கெட் 4.45 செ.மீ., காயின் 3.18 செ.மீ. வரை. எதையும் தொடாமல் விழ வேண்டுமென்றால் பக்கத்துக்கு ஆறு மில்லிமீட்டர் சொச்சம்தான் இடம். காயின் பாக்கெட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருந்தால் திசையில் முக்கால் டிகிரிக்குள் பிழை இருக்கலாம். காயினின் ஆரமும் ஸ்ட்ரைக்கரின் ஆரமும் சேர்ந்தால் சுமார் 3.65 செ.மீ., அதில் முக்கால் டிகிரி என்பது அரை மில்லிமீட்டர். ஸ்ட்ரைக்கர் காயினைத் தொடும் இடத்தில் அரை மில்லிமீட்டர் விலகினால் ஷாட் சுத்தமாக இருக்காது, பாக்கெட் விளிம்பைத் தட்டித்தான் விழ வேண்டும். விளிம்பைத் தட்டினால் விழுமா என்பது வேகத்தைப் பொறுத்தது. மெதுவாக வந்தால் உள்ளே சரியும், வேகமாக வந்தால் எகிறும். இங்கேதான் போர்டு ஆங்கிளில் தலையிடுகிறது: இழுக்கும் போர்டில் ஓங்கி அடிக்க வேண்டியிருக்கிறது, ஓங்கி அடித்தால் பாக்கெட் சிறிதாகிவிடுகிறது. அதனால் இழுக்கும் போர்டில் தூரத்துக் கட்டைவிடப் பக்கத்து நேர் காயினை எடுப்பதுதான் புத்தி, அழகு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஓடும் போர்டில் ஆபத்து வேறு பக்கம். ஸ்ட்ரைக்கர் காயினைவிடக் கிட்டத்தட்ட 2.7 மடங்கு கனம். நேருக்கு நேர் மோதினால் காயின் ஸ்ட்ரைக்கரின் வேகத்தைப் போல சுமார் 1.4 மடங்கில் பறக்கும், ஸ்ட்ரைக்கர் பாதிக்குச் சற்றுக் குறைவான வேகத்தோடு அதன் பின்னாலேயே போகும். பில்லியர்ட்ஸ் பந்து மாதிரி அங்கேயே நின்றுவிடாது. நேர் காயினில் ஃபைன் விழுவது, அதாவது ஸ்ட்ரைக்கரும் பாக்கெட்டில் விழுந்துவிடுவது, கைராசி இல்லாததால் இல்லை, எடைக் கணக்கால். இன்னொன்றும் இந்தக் கணக்கில் கிடைக்கும், நான் இதை மன்றங்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை: ஒற்றைக் காயினில் எப்படி மோதினாலும் ஸ்ட்ரைக்கர் தன் பழைய பாதையிலிருந்து சுமார் 21 டிகிரிக்கு மேல் விலக முடியாது. ஆகவே சுண்டுவதற்கு முன் ஸ்ட்ரைக்கரின் பாதையை ஃப்ரேம் வரை மனசில் நீட்டி, இரண்டு பக்கமும் அந்த 21 டிகிரி விசிறிக்குள் பாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதுவும் போர்டு ஓடுகிற நாளில், பேஸ் லைனில் நான்கு விரல் நகர்ந்து வேறு லைன் பிடிப்பது நல்லது.

கட் அடிக்கும்போது ஒரு சின்ன திருட்டுத்தனமும் நடக்கிறது. காயின் இரண்டு மையங்களையும் சேர்க்கும் கோட்டில் போகும் என்பது பாடம். நிஜத்தில் ஸ்ட்ரைக்கரின் விளிம்பு காயினின் விளிம்பை உரசித் தன் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும், அதனால் கணக்கு சொல்வதைவிடச் சற்று மெல்லியதாக, அதாவது இன்னும் ஓரமாக, வெட்ட வேண்டும். அழுக்கு ஏறிய காயினில் இது அதிகம், விளிம்பில் பவுடர் பட்ட காயினில் குறைவு. ஆட்டத்துக்கு முன் துணியால் ஸ்ட்ரைக்கரைத் துடைப்பவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், அவர்கள் செய்வது சரி.

ஃப்ரேமில் பட்டுத் திரும்பும் ஷாட்தான் போர்டு படிப்பதில் கடைசிப் பாடம், கஷ்டமானதும் அதுதான். வந்த கோணத்திலேயே திரும்பும் என்பது கண்ணாடியில் ஒளிக்கு. மரத்தில் இரண்டு விஷயம் எதிரெதிராக வேலை செய்யும். மோதும்போது ஃப்ரேமை நோக்கிய வேகத்தில் ஒரு பங்கு போய்விடும், அதனால் காயின் ஃப்ரேமை ஒட்டித் தட்டையாகத் திரும்பப் பார்க்கும். அதே நேரம் ஃப்ரேமில் உரசுவதால் ஃப்ரேமை ஒட்டிய வேகமும் குறையும், அது காயினை நிமிர்த்திவிடப் பார்க்கும். எது ஜெயிக்கும் என்பது ஃப்ரேமின் மரம், அதில் படிந்த பவுடர், இணைப்பு இறுக்கமா தளர்ந்ததா என்பதைப் பொறுத்தது. காதும் உதவும்: இறுக்கமான ஃப்ரேம் ‘டிங்’ என்று தெறிக்கும், தளர்ந்தது ‘டொக்’ என்று விழுங்கும். ஒரே போர்டின் நான்கு ஃப்ரேமும் நான்கு மாதிரி பேசும். இப்படி ஃப்ரேமில் பட்டுத் திரும்பும் டபுள் அடிப்பதற்கு முன்னால் அந்தக் குறிப்பிட்ட ஃப்ரேமில் ஒரு ஸ்ட்ரைக்கராவது பட்டுத் திரும்பியதைப் பார்த்திருக்க வேண்டும், எதிராளி அடித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. எதிராளி ஆடும்போது காயினைப் பார்க்காமல் ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் ஜாக்கிரதையாக ஆடுங்கள், அவர்கள் உங்கள் செலவில் போர்டைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.