பொத்தானுக்குப் புளி வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு வாசகி படத்தோடு கேள்வி அனுப்பியிருக்கிறார். தோட்டம் கொத்தும்போது எப்போதோ கிடைத்த பொத்தானாம். பாட்டி அதைச் சாமி மாடத்தில் வைத்து வெள்ளிதோறும் பொட்டு வைக்கிறார். போயர் போரில் ஸ்பியோன்கோப் களத்தில் காந்தியோடு காயம்பட்டவர்களைத் தூளியில் சுமந்த பூட்டனாரின் சட்டைப் பொத்தான் என்பது வீட்டுக் கதை. "உண்மைதானா? காவடிக்குக் குத்துவிளக்கைத் தேய்க்கும்போது இதையும் புளி போட்டுத் தேய்த்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

அவசரம் இரண்டாம் கேள்விக்குத்தான். தேய்க்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் வீட்டுக் கதையைப் பார்ப்போம்.

படத்தில் களிம்புக்கு நடுவே 45 என்ற எண் தெரிகிறது. பிரிட்டிஷ் படையில் ரெஜிமென்ட் எண்ணைப் பொத்தானில் பொறிக்கும் ஆணை 1767இல் வந்தது. சிப்பாய்களின் எண் பொத்தான் 1871இல் போய், சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் உள்ள பொதுப் பொத்தான் வந்தது. 1881 சீர்திருத்தத்தில் ரெஜிமென்ட்களின் எண்களே நீக்கப்பட்டன. அதற்குப் பிந்தைய பொத்தான்களில் கிரீடத்தைப் பார்க்க வேண்டும். 1901 முதல் 1952 வரை மன்னர்கள் காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் குவிமாடம்போல் எழுந்திருக்கும். எலிசபெத் ராணி காலத்தில் உச்சி நடுவில் குழிந்திருக்கும். இதைப் பள்ளிப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

45ஆம் ரெஜிமென்ட் 1843இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வந்து நேப்பியர் கோட்டையைக் கட்டியது. 1859இல் நேட்டாலை விட்டுப் போனது. மதராஸிலிருந்து முதன்முதலாக நம்மவர்களை ஏற்றிய ட்ரூரோ கப்பல் டர்பனைத் தொட்டது 1860 நவம்பர் 16 அன்று. ஸ்பியோன்கோப் போர் 1900 ஜனவரியில் நடந்தது. அப்போது 45 என்ற எண் வழக்கொழிந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. பூட்டனார் தூளி சுமந்திருக்கலாம். காந்தி இருந்த தூளிப் படையில் ஏறத்தாழ 1,100 இந்தியர்கள் இருந்தார்கள், பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். ஆனால் இந்தப் பொத்தான் அவருடையது அல்ல. அவர் குடும்பம் இந்த நாட்டுக்கு வருமுன்பே இது மண்ணுக்குள் போயிருக்கவும் கூடும்.

இனி என்னைத் தூங்கவிடாத சங்கதிக்கு வருகிறேன். படத்தைப் பெரிதாக்கினால் 5இன் வளைவுக்குள் கடுகளவு மஞ்சள் மின்னுகிறது. அது தங்க முலாம். எனவே அதிகாரியின் பொத்தானாகத்தான் இருக்க வேண்டும். பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, வெண்ணெய்போல் குழைத்து, பித்தளைமேல் பூசிச் சூடேற்றுவார்கள். 357 டிகிரி செல்சியஸில் பாதரசம் கொதித்து ஆவியாகும். தங்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஆவியை மூச்சில் இழுத்த பர்மிங்ஹாம் பட்டறைத் தொழிலாளர்களின் கை நடுங்கத் தொடங்கும், பல் ஆட்டம் காணும்.

'கில்ட்' (தங்க முலாம்) என்று முத்திரையிட எவ்வளவு தங்கம் வேண்டும் என்பதை 1796இல் பிரிட்டிஷ் சட்டமே வரையறுத்தது. ஓர் அங்குல அகலமுள்ள 144 பொத்தான்களுக்கு 5 கிரெயின், அதாவது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரு பக்கமும் சீராகப் பரப்பினால் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம்கூட இதைவிடப் பல மடங்கு பெரிது!

இப்போது புளியை நினைத்துப் பாருங்கள். முலாமில் உள்ள நுண்துளைகள் வழியே ஈரம் நுழைந்து அடியிலுள்ள செம்பை அரிக்கிறது. களிம்பு ஊறிப் பொங்குகிறது. தங்கத் தோல் இப்போது பித்தளைமேல் அல்ல, களிம்பின்மேல் நிற்கிறது, பாலின்மேல் ஆடை போல. புளியின் அமிலம் தங்கத்தைத் தொடாது, களிம்பைக் கரைத்துவிடும். பிறகு ஆடை எங்கே நிற்கும்? குத்துவிளக்கு உள்ளும் புறமும் பித்தளை. அதற்குப் புளி நல்லது. இது வேறு சாதி.

அந்தக் கடுகளவு தங்கம் காலமும் சொல்லும். மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்கு 1840இல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனத்தார் காப்புரிமை பெற்றார்கள். அதில் பாதரசத்துக்கு வேலை இல்லை. தீயில் பூசிய முலாமிலோ சூடேற்றிய பிறகும் சிறிது பாதரசம் தங்கிவிடும். அதைக் கண்டறிய ஒரு கருவி உண்டு. அது எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் அணுவின் உள்வட்ட எலெக்ட்ரான் ஒன்று தெறிக்கும், வெளிவட்டத்திலிருந்து ஒன்று அந்த இடத்தில் விழும். விழும்போது வெளிவரும் கதிரின் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறு. தங்கத்துக்கு 9.7 கிலோ எலெக்ட்ரான்வோல்ட், பாதரசத்துக்கு ஏறத்தாழ 10. தனிம அட்டவணையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களான 79ம் 80ம் குரலிலும் நெருக்கம்தான், ஆனாலும் கருவி பிரித்துக் கேட்கும். பாதரசம் இல்லையென்றால் பொத்தான் பெரும்பாலும் 1840க்குப் பிந்தியது. இருந்தால் முந்தியது என்று துள்ளிக் குதிக்க முடியாது. பழைய முறை அதன்பின்னும் பல ஆண்டுகள் பட்டறைகளில் நடந்தது.

கையில் பிடிக்கும் அளவிலேயே இந்தக் கருவி கிடைக்கிறது. போர் நினைவு நாளுக்குப் பந்தலும் மேடையும் போடக் கிடைக்கிற பணம், சிறு அருங்காட்சியகங்கள் ஆளுக்கொன்றாக இல்லாவிட்டாலும் பொதுவில் ஒன்றை வைத்துக்கொள்ளக் கிடைக்கக் கூடாதா? எனக்கு இதில் கோபம் உண்டு.

வாசகிக்கு இரண்டு வேலைகள். பொத்தானைத் திருப்பி, காதை (நூல் கோக்கும் வளையத்தை) சுற்றியுள்ள எழுத்துகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுங்கள். செய்த நிறுவனத்தின் பெயரும் தெருவும் இருந்தால், அந்தக் காலத்து வணிக விவரப் புத்தகங்களில் தேடி ஆண்டை இன்னும் நெருக்கலாம். இன்னொன்று கிடைக்கும் என்று தோட்டத்தைத் தோண்டாதீர்கள்: 75 ஆண்டுக்கு மேற்பட்ட இராணுவப் பொருள்கள் 1999ஆம் ஆண்டு மரபுவளச் சட்டத்துக்குள் வருகின்றன, அனுமதி வேண்டும்.

பாட்டியிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். அவர் வைக்கும் பொட்டு மஞ்சளில் செய்த குங்குமமா, செந்தூரமா? சில செந்தூரத்தில் பாதரச சல்பைடு இருக்கும். அதுவானால் கருவி காட்டும் பாதரசம் பர்மிங்ஹாமுடையதா, வெள்ளிக்கிழமைப் பூசையுடையதா என்று பிரிப்பது பெரும்பாடு.