அலியாசிங்: மாற்றுப்பெயர் அல்ல, அலைமயக்கம்

செயற்கைக்கோள் கொண்டு புவியீர்ப்புப் புலத்தை அளப்பது பற்றிய தமிழாக்கங்களில் ‘வளிமண்டல மாற்றுப்பெயரிடல் பிழை’ என்று ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. மூலச்சொல் ஆங்கிலத்தின் ‘அலியாசிங்’: போதிய அளவு அடிக்கடி அளக்காததால் வேகமான அலை ஒன்று மெதுவான வேறோர் அலையாகத் தெரிவது. காற்றுக்கு யார் எப்போது மறுபெயர் சூட்டினார்கள்? அகராதியில் ‘அலியாஸ்’ என்ற பதிவைப் பார்த்து, முதல் பொருளை எடுத்து, ‘இடல்’ சேர்த்தாயிற்று; வேலை முடிந்தது.

மூலம் லத்தீன். ‘ஆலியுஸ்’ என்றால் வேறு. ‘அலியாஸ்’ என்றால் வேறொரு சமயத்தில், வேறு விதமாக. நீதிமன்ற ஏடுகளில் ‘வேறு விதமாக அழைக்கப்படும்’ என்ற தொடர் சுருங்கி மறுபெயர் ஆனது. நம் ஆவணங்களில் வரும் ‘என்கிற’வுக்கு நிகர். அலை அளவீட்டுக்காரர்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டது ஆள்மாறாட்டம் என்ற கருத்தை மட்டுமே. பெயரை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

நடப்பது இதுதான். காற்றழுத்தம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. நீங்கள் 11 மணி நேரத்துக்கு ஒருமுறை அளக்கிறீர்கள். ஒவ்வோர் அளவும் சுற்றில் முந்தையதைவிட 1 மணி நேரம் முன்னதாக விழும். பன்னிரண்டு அளவுகள் கடந்தால்தான் தொடங்கிய இடத்துக்கு வரும். வரைபடத்தில் 132 மணி நேர அலை, அதாவது ஐந்தரை நாள் அலை, அழகாகத் தெரியும். காற்றில் அப்படி ஓர் அலையே இல்லை. ஆனால் குறித்த எண் ஒவ்வொன்றும் சரி, கருவியும் சரி. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்தாலும் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறோம்: அலை நடுக்கோட்டைக் கடக்கும் நொடிகளிலேயே அளவுகள் விழுந்தால் நேர்கோடுதான் மிஞ்சும்.

புவியீர்ப்பை அளக்க 2002 மார்ச்சில் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இணைச் செயற்கைக்கோள்களும், 2018 மே மாதம் அவற்றின் தொடர்ச்சியாகச் சென்றவையும் இந்த வலையில் சிக்குபவை. ஏறக்குறைய 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும் இரண்டு கோள்களுக்கு இடையே உள்ள தூரம் மைக்ரோமீட்டர் அளவில் மாறுவதைக் கொண்டு மாதம் ஒரு ஈர்ப்பு வரைபடம் தயாராகிறது. காற்று மாதக்கணக்குப் பார்ப்பதில்லை. நிலத்தின் மேல் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் கூடினால் 1 சென்டிமீட்டர் நீர் வந்து நின்றதற்குச் சமமான நிறை. ஒரு தாழ்வழுத்தம் கடந்துபோனால் சில நாட்களில் 20 சென்டிமீட்டர் நீர் போய்த் திரும்புகிறது. எஸ்2 என்னும் அரைநாள் ஓதம் (ஏற்றவற்றம்), சுற்றுப்பாதைத் தளம் சூரியனை ஒட்டி மெல்லத் திரும்புவதால், 161 நாள் அலையாக வேடம் போடுகிறது. அரையாண்டுப் பருவ அலையிலிருந்து அதைப் பிரித்தறிய மூன்றே முக்கால் ஆண்டுத் தரவு வேண்டும். கே1 என்னும் ஒருநாள் ஓதமோ ஏறக்குறைய ஏழரை ஆண்டு அலையாகிவிடும். கையில் நான்கைந்து ஆண்டுத் தரவு மட்டும் இருந்தால் பனி உருகும் போக்கு என்றே நம்ப வைக்கும்.

‘மாற்றுப்பெயரிடல்’ இதில் எதைச் சொல்கிறது? பெயரிட ஓர் ஆள் வேண்டும், இங்கே ஆள் இல்லை. பெயர் மாறினாலும் பொருள் மாறாது, இங்கே மாறியது அலையின் காலமே. ‘போலியலை’ என்பாரும் உண்டு, கொஞ்சம் தேவலை. ஆனால் தமிழ் இலக்கணத்தில் போலி என்பது எழுத்து மாறியும் பொருள் மாறாமல் நிற்பது. அலியாசிங்கில் பொருள்தான் தலைகீழாகிறது. ‘இரைச்சல்’ என்பது எல்லாவற்றிலும் மோசம். இரைச்சல் சராசரி எடுத்தால் தேய்ந்துபோகும். இது ஓர் ஒழுங்கோடு வருவதால் சராசரிக்கு அசையாது. அப்படி மொழிபெயர்த்ததைப் படித்த மாணவர் தரவைக் கூட்டி வகுத்துவிட்டுப் பிழை போயிற்று என்று உட்கார்ந்துவிடுவார்.

சரியான சொல் நம் இலக்கணத்திலேயே கிடக்கிறது: மயக்கம். ‘காலத்தினால் செய்த நன்றி’ என்பதில் மூன்றாம் உருபு ஏழாம் வேற்றுமைப் பொருளில் நிற்பதை உருபு மயக்கம் என்கிறோம். ஒன்று இன்னொன்றின் இடத்தில், இன்னொன்றின் தோற்றத்தில். ஆகவே அலைமயக்கம். கால இடைவெளிக்கும் பொருந்தும், கோள் கடந்துசெல்லும் தரைத்தடங்களுக்கு இடையே விழும் இட இடைவெளிக்கும் பொருந்தும். தலைசுற்றல் நினைவுக்கு வருமே என்பார்கள். ‘திணைமயக்கம்’ படித்தவர் யாருக்கும் தலை சுற்றியதில்லை.

இந்தச் சொல் கிடைத்தால் இன்னொரு குழப்பமும் தீரும். அளப்பதற்கு முன்பே வேகமான அலைகளை வெட்டுவது மயக்கத்தடுப்பு. அளந்த பின், அலைகளைக் கணித்துத் தரும் கணினி மாதிரியைக் கொண்டு கழிப்பது மயக்கநீக்கம். இரண்டையும் ‘மாற்றுப்பெயர் நீக்கம்’ என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். எங்கே, எப்போது அளப்பது என்பதைச் சுற்றுப்பாதையே தீர்மானிக்கும்போது முன்தடுப்புக்கு வழியில்லை. கிரேஸுக்கு உள்ளது நீக்கம் மட்டுமே. ஜெர்மனியின் ஜிஎஃப்இசட் நிறுவனம் ஏஓடி1பி என்ற பெயரில் காற்று, கடல் நிறை மாற்றங்களைக் கணித்துத் தருகிறது. முன்பு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆறாம் வெளியீட்டிலிருந்து 3 மணி நேரத்துக்கு ஒருமுறை. மாத வரைபடத்தைக் கணிக்குமுன் இதைக் கழிக்க வேண்டும். கடலடி அழுத்தம் தேடுவோர் கழித்ததன் மாதச் சராசரியைத் திரும்பக் கூட்ட வேண்டும். அதற்கென ஜிஏடி கோப்பு தனியே வருகிறது. கூட்ட மறந்தால் விடையில் காற்றின் பங்கும் மாதிரிக் கடலின் பங்கும் காணாமல் போயிருக்கும். கழித்த மாதிரியும் பிழையற்றதல்ல. அதன் குறைகள் மீண்டும் மயங்கி, வரைபடத்தில் வடக்குத் தெற்காக ஓடும் கோடுகளுக்கு ஒரு காரணமாகின்றன.

கணினித் திரையில் சாய்கோட்டின் விளிம்பு படிக்கட்டாகத் தெரிவதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். அங்கே ‘படிவிளிம்பு’ என்று எழுதிக்கொள்ளட்டும், மறுப்பில்லை. ஓதத்துக்கு மட்டும் புனைபெயர் வேண்டாம்.