பேச வரும் ஆங்கிலம் எழுதும்போது எங்கே போகிறது?

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கமிருந்து என்னிடம் ஆங்கில டியூஷனுக்கு வரும் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்பது இதுதான்: "நன்றாகத்தானே இங்கிலீஷ் பேசுகிறாள், கட்டுரைக்கு மட்டும் ஏன் மார்க் வரமாட்டேன் என்கிறது? வீட்டில் தமிழை நிறுத்திவிடலாமா டீச்சர்?"

தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

பேசுகிற ஆங்கிலத்துக்கும் பாடம் எழுதுகிற ஆங்கிலத்துக்கும் நிறைய தூரம் உண்டு. ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் 1979-லேயே இவற்றைப் பிரித்துக் காட்டினார். கனடாவில் குடியேறிய மாணவர்களின் விவரங்களை ஆராய்ந்து, சரளமாகப் பேச ஏறக்குறைய 2 வருடம் போதும், பாடமொழியில் மற்றவர்களை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 வருடம் வரை ஆகும் என்றார். பள்ளி வேனில் பேசக் கற்ற ஆங்கிலம் தேர்வுத்தாளில் தடுமாறுவது இயல்பு.

பிழைகளைக் கவனித்தால் பலவற்றுக்கும் காரணம் தெரியும். தமிழில் 'ஏரிக்குப் போய், நுரையைப் பார்த்து, ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதினோம்' என்று எச்சங்களை அடுக்கி, ஒரே வினைமுற்றில் முடிக்கலாம். அழகான வாக்கியம். அதே பழக்கத்தில் பிள்ளை, 'வி வென்ட் டு த லேக், வி சா த ஃபோம், வி ஆஸ்க்ட் த பீப்பிள்' என்று காற்புள்ளி போட்டுக்கொண்டே போகிறது. ஆங்கிலத்தில் இவை மூன்று தனி வாக்கியங்கள். முற்றுப்புள்ளியோ 'அண்ட்' போன்ற இணைப்புச் சொல்லோ வேண்டும். இதைத் தமிழை வைத்தே விளக்கினால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள்.

'பத்து புத்தகம் வாங்கினேன்' என்பது தமிழ்ப் பேச்சில் சரி. அதனால் ஆங்கிலத்தில் பன்மை 'எஸ்' விட்டுப்போகிறது. 'த கண்டிஷன் ஆஃப் த லேக்ஸ் ஆர் பேட்' என்று எழுதும்போது பக்கத்தில் நிற்கும் 'லேக்ஸ்' வினையை இழுத்துக்கொள்கிறது. எழுவாய் 'கண்டிஷன்', அதனால் 'இஸ்' வர வேண்டும். 'டிஸ்கஸ் அபவுட்' ('அபவுட்' வேண்டாம்), 'இன்ஃபர்மேஷன்ஸ்' ('எஸ்' வேண்டாம்) எல்லாம் ஒருமுறை சுட்டிக்காட்டினால் பெரும்பாலும் திருந்திவிடும். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ஏ', 'த' (a, the) மட்டும் மெதுவாகத்தான் வரும். அதற்காக ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு மை வேண்டாம். ஒரு கட்டுரையில் ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்தினால் பிள்ளைக்கு அது மனதில் நிற்கும்.

என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துவது வேறு. பெல்லந்தூர் ஏரி பற்றி எழுதச் சொன்னால், மக்களுக்கு அக்கறை இல்லாததால் ஏரி நுரைத்துத் தீப்பிடித்தது என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள். இலக்கணம் சரியாக இருந்தாலும் கட்டுரை நிற்காது. நுரைக்கு முக்கியக் காரணம் சுத்திகரிக்காத கழிவுநீரோடு வரும் சோப்புப் பொருட்கள். 2017-லும் 2018-லும் அங்கே தீ எப்படிப் பற்றியது என்பது தனிக் கேள்வி. இரண்டையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்டி, உறுதியாகத் தெரியாத இடத்தில் 'இருக்கலாம்' என்ற பொருளில் 'மே' (may) போட்டு எழுதுவதுதான் பாட ஆங்கிலம். ஆனால் கைடில் மனப்பாடம் செய்த 'இன் டுடேஸ் வேர்ல்ட்' முன்னுரையும், இணையத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய பத்தியும்தான் எனக்கு வருகின்றன. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால் பிள்ளை விழிக்கிறது. எடுத்த இடத்தைச் சொல்ல வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

காரணம் சொல்வது, ஆதாரம் தேடுவது, எதிர்வாதத்துக்குப் பதில் சொல்வது, இவற்றை எந்த மொழியில் பழகினாலும் இன்னொரு மொழிக்குக் கைகொடுக்கும். கம்மின்ஸும் இதை வலியுறுத்தினார். வீட்டில் தமிழை நிறுத்தினால், பிள்ளை தடையில்லாமல் யோசித்து வாதம் செய்யும் இடமே போய்விடும். பெற்றோருக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் பரவாயில்லை.

கட்டுரைத் தலைப்பு வந்ததும், எழுத உட்காரும் முன் உங்களிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு கருத்துக்கும் "அது எப்படிம்மா தெரியும்?" என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் புத்தகத்தைப் புரட்டட்டும். அப்புறம் ஆங்கிலத்தில் எழுதி, ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும். விட்டுப்போன 'ஏ', 'த' அப்போது கொஞ்சம் பிடிபடும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.