சுற்றி வந்து பார்க்க வேண்டிய கலை

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள், மரநிழலில் வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகளைப் பார்த்து ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்பதில்லை. அதே மனிதர்கள் ஒரு கலைக்கூடத்தில் துருவேறிய இரும்புத் தகடுகளோ எவர்சில்வர் பாத்திரங்களோ குவிந்து கிடப்பதைக் கண்டால் முதலில் கேட்பது அதைத்தான். கேள்வியில் தவறில்லை, சற்று முந்திக்கொண்டு வந்துவிடுகிறது என்பதே என் குறை. இன்ஸ்டலேஷன் எனப்படும் நிறுவல் கலை, தான் இருக்கும் இடத்தையே படைப்பின் உறுப்பாக்கிக்கொள்வது. அது பார்ப்பவரின் கண்ணிலும் காலிலும் தன் வேலையைத் தொடங்கிய பிறகே அர்த்தத்துக்கு வந்து சேர்கிறது.

கண்ணிலிருந்து தொடங்கலாம். விழித்திரையில் மிகக் கூர்மையாகக் காணும் பகுதி மிகச் சிறியது. கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால், ஏறத்தாழ அந்த விரலின் அகலத்துக்குள் அடங்குவதை மட்டுமே ஒரு நேரத்தில் நாம் துல்லியமாகப் பார்க்கிறோம். ஆகவே கண் நொடிக்கு ஏறக்குறைய 3 முறை தாவித் தாவிப் பார்க்க, மூளை அந்தத் துண்டுகளைக் கோத்து முழுக் காட்சியாக்குகிறது. எங்கே தாவுவது என்பதை முடிவு செய்வதில் மனத்தில் இருக்கும் கேள்விக்குப் பெரும் பங்குண்டு. யார்பஸ் என்ற ரஷ்ய ஆய்வாளர் ஒரே ஓவியத்தை ஒருவரிடம் பலமுறை காட்டி, ஒருமுறை அதிலுள்ளவர்களின் வயதையும் மற்றொருமுறை அவர்களுடைய செல்வநிலையையும் மதிப்பிடச் சொன்னபோது, கண் ஓடிய தடமே மாறிப்போனது. சுவரில் ஒட்டியிருக்கும் விளக்க அட்டையை முதலில் படிப்பவரின் கண், அட்டை சொன்னதைத் தேடியே ஓடும். ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை நான் அட்டையின் பக்கம் திரும்புவதில்லை.

சிற்பத்தில் கண்ணோடு காலும் சேர்ந்துகொள்கிறது. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில், பல ஆண்டுகளாக அங்கிருந்த தையல் இயந்திரங்களுக்கும் துணி மூட்டைகளுக்கும் இடையே ஒதுங்கி நடந்தவர்களுக்கு இது தெரியும்: நடக்க நடக்க அருகிலுள்ள தூண் விரைந்து பின்னே போகும், தொலைவிலுள்ளது மெல்ல நகரும், அந்த வேறுபாட்டிலிருந்து மூளை ஆழத்தைக் கணக்கிடும். ஒளிப்படத்தில் இது கிடைக்காது. அளவையும் நாம் நம் உயரத்தைக் கொண்டே அளக்கிறோம். இடுப்பளவு நிற்பது நமக்கு அடங்கியதாகவும், தலைக்கு மேல் எழுவது நம்மை அடக்குவதாகவும் தோன்றும். அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 1981-இல் நியூயார்க்கின் ஓர் அரசு அலுவலகச் சதுக்கத்தின் குறுக்கே நிறுத்திய வளைந்த எஃகுச் சுவர், சுமார் 36 மீட்டர் நீளமும் ஆளின் உயரத்தைப் போல இரு மடங்கு உயரமும் கொண்டது. அங்கே வேலைக்குப் போனவர்கள் தினமும் அதைச் சுற்றி நடக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு வலுத்து, 1989-இல் அதை அகற்றினார்கள். அந்தச் சுற்றுவழிதான் அந்தப் படைப்பு. அது அந்த இடத்துக்கென்றே செய்யப்பட்டது என்பதால் வேறெங்கும் கொண்டுபோய் வைக்கச் சிற்பி ஒப்பவில்லை.

அடுத்தது பொருள். அய்யனார் குதிரையின் உடைந்த காலுக்குள் எட்டிப் பார்த்தால், அது குழாய்போல் உள்ளீடற்று இருப்பதும், சுவரில் நெல் உமி எரிந்துபோன சிறு துளைகள் விரவியிருப்பதும் தெரியும். கனத்த களிமண்ணைத் திண்மையாகச் சுட்டால் உள்ளே தங்கிய ஈரம் நீராவியாகி உடலையே பிளந்துவிடும். அதனால்தான் உட்கூடு, அதனால்தான் உமி. சூளையில் காற்றோட்டம் இருந்தால் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து செம்மை தருகிறது, காற்று முட்டிய இடம் கறுத்துவிடுகிறது. விலாவில் ஒரு கருந்திட்டைக் கண்டால், சூளைக்குள் அந்தக் குதிரை எப்படி இருந்தது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். எந்தச் சிற்பத்தின் முன்னும் ‘இது எப்படி இந்த நிலைக்கு வந்தது?’ என்று கேட்பது ‘இது எதைக் குறிக்கிறது?’ என்பதைவிடப் பயன் தருவதாகவே நான் கண்டிருக்கிறேன்.

கடைசியாகக் காலம். அமெரிக்கக் கலைஞர் ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரஸ் 1991-இல் அறை மூலையொன்றில் வண்ணத்தாள் சுற்றிய மிட்டாய்களைக் குவித்தார்; அதன் உகந்த எடை 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோ. பார்ப்பவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். எய்ட்ஸால் மெலிந்து அதே ஆண்டில் இறந்த தம் துணைவர் ராஸின் உருவப்படமாக அவர் அதைச் செய்தார் என்று அறிந்தவுடன், கையிலிருக்கும் மிட்டாய் கனக்கத் தொடங்குகிறது. குவியல் குறையும், மறுபடி நிரப்பப்படும். இந்தத் தேய்வும் நிரப்பலும் இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்புத் திருவிழாவுக்கு ஊரார் பிடிமண் (ஒரு பிடி ஊர்மண்) கொடுக்க, மண்பாண்டக் கலைஞரான வேளார் குதிரை செய்து கண் திறக்க, அது ஊர்வலமாகக் கோயிலுக்கு வந்து சேர்கிறது. பிறகு வெயிலிலும் மழையிலும் சிதைய விடப்படுகிறது, யாரும் அதைச் செப்பனிடுவதில்லை.

அத்தகைய குதிரையொன்றைத் தூக்கி வந்து கலைக்கூடத்தில் வெள்ளைப் பீடத்தின் மேல் வைத்தால், மண் மாறாது, அளவும் மாறாது. கதவு வழியே நுழைபவர் அதன் கழுத்து மணிகளைக் கிட்டத்தில் நின்று எண்ணலாம், உமித் துளைகளைத் தடவாமலே காணலாம். ஆனால் அடுத்த திருவிழாவுக்கு அதன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டிய புதுக் குதிரைக்கு அந்தப் பீடத்தில் இடமிருக்காது.